டொலருக்குத் திறந்த கதவு

உலகம் மறுபடியும் பிரயாணம் செய்யத் தொடங்கிவிட்டதாம். கொள்ளை நோய் ஓய்ந்தது, ஆகாய விமானங்கள் நிரம்பின, வீட்டுக்குள் அடைபட்டிருந்த மனிதன் மறுபடி சிறகு விரித்தான் என்று பத்திரிகைகள் பாடி முடித்துவிட்டன. வெளிநாடு சென்று மீண்டவர்கள் எழுதும் பிரயாணக் கட்டுரைகளில் மகிழ்ச்சி துள்ளுகிறது. அந்த மகிழ்ச்சியைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஊர் பார்ப்பது மனிதனுக்கு நல்லது. உழைத்துக் களைத்த மனிதனுக்கு இன்னும் நல்லது. நாம் கேட்பது வேறு. அக்கரைப்பற்றிலிருந்து கடல் கடந்து பிரயாணம் போகிறவர் யார்? அவருடைய முகத்தில் கதவைச் சாத்தியவர் யார்? பின்பு அதே கதவை அகலத் திறந்துவிட்டவர் யார்? எதற்காகத் திறந்தார்?

முதற் கேள்விக்கு விடை காண ஆராய்ச்சி வேண்டியதில்லை. மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியில் இரவு கொழும்பு பஸ்ஸுக்காக நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் போதும். புதுப் பெட்டியும், கறுப்பு அபாயாவும், கடவுச்சீட்டை வைத்த பிளாஸ்டிக் உறையும், தோளில் தூங்கும் பிள்ளையை வாங்கிக்கொள்ள வந்த உம்மம்மாவும் அங்கே உண்டு. ஆலையடிவேம்பிலிருந்தும் கோளாவிலிலிருந்தும் வந்து நிற்கும் தமிழ்ப் பெண்களின் நெற்றியில் திருநீறு இருக்கும்; அவர்கள் கையிலும் அதே உறைதான். அட்டாளைச்சேனை, நிந்தவூர், சம்மாந்துறை, சாய்ந்தமருது, கல்முனை என்று வழிநெடுக பஸ் நின்று நின்று இதே ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. றியாத்தையும் குவைத்தையும் தோஹாவையும் இவர்கள் பார்க்கப் போகவில்லை. அங்குள்ள வீடுகளைக் கழுவப் போகிறார்கள், அங்குள்ள கட்டடங்களுக்குச் சீமெந்து குழைக்கப் போகிறார்கள்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் கணக்குப்படி 2019இல் இலங்கையிலிருந்து வேலைக்குப் புறப்பட்டவர்கள் 2 இலட்சத்து 3 ஆயிரம் பேர். 2020இல் அத்தொகை 54 ஆயிரத்துக்குக் கீழே விழுந்தது. 2022இல் 3 இலட்சத்து 11 ஆயிரமாக உயர்ந்தது. அதுவரை எந்த ஆண்டிலும் அத்தனை பேர் போனதில்லை. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர் பெண்கள். நோய் நீங்கியதால் மக்கள் மறுபடி பிரயாணம் போனார்கள் என்று இந்த எண்களுக்கு விளக்கம் சொல்லுகிறவர் உண்டு. 2019ஐ விட ஒரு இலட்சம் பேருக்கு மேல் அதிகமாகப் போனார்களே, அந்த ஒரு இலட்சத்தையும் நோய்தான் தடுத்து வைத்திருந்ததா? பொய்யான விளக்கம் இது. அந்தப் பொய்யை அவிழ்க்க வேண்டுமானால் கதவு மூடிய நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.

2020 மார்ச் 19ஆந் திகதி கட்டுநாயக்க விமான நிலையம் வரும் பயணிகளுக்கு மூடப்பட்டது. நோயைத் தடுக்க வாசலை மூடுவதில் தவறில்லை. பல தேசங்கள் மூடின. மூடிய வாசலுக்கு வெளியே அகப்பட்ட சொந்தப் பிரசைகளை எந்த ஒழுங்கில் உள்ளே அழைத்தார்கள் என்பதில்தான் ஆட்சியின் மனம் தெரிகிறது. முதலில் மாணவர்களை அழைத்து வந்தார்கள். அது சரி, பிள்ளைகள் வரட்டும். வளைகுடாவில் வேலையிழந்து, விசா முடிந்து, முதலாளி வெளியே தள்ளிய அறையில் பத்துப் பேராய்க் கிடந்த தொழிலாளி வரிசையின் கடைசியில் நின்றான். குவைத் அரசாங்கம் ஆவணமற்றோருக்கு மன்னிப்பு வழங்கி அனுப்பிவைத்தவர்கள் 2020 மே மாதம் வந்திறங்கினார்கள். அவர்களிடையே தொற்று காணப்பட்டதும் மத்திய கிழக்கிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் விமானங்களை நிறுத்தினார்கள். நோய் கண்டவனை முதலில் அழைத்து மருந்து கொடுப்பதுதானே தாய்நாட்டின் வேலை? இங்கே நோய் கண்டதே அவனைத் தள்ளிவைக்கக் காரணமாயிற்று. பிறகு அனுமதி கிடைத்து வந்தவர்களிலும், விமானச் சீட்டுக்கும் விடுதியில் தனிமைப்படுத்தலுக்கும் கைப்பணம் கட்டி, சேமித்ததை வாசற்படியிலேயே தொலைத்துவிட்டு வீடு சேர்ந்தவர் பலர்.

இந்த நாட்டின் தொழிலாளர் பல்லாயிரம் பேர் இவ்வாறு காத்துக் கிடந்தபோது, 2020 டிசம்பர் 28ஆந் திகதி மத்தளை விமான நிலையத்தில் ஒரு விமானம் இறங்கியது. அதில் வந்தவர்கள் உக்ரேனிலிருந்து உல்லாசப் பயணம் வந்த 180க்கு மேற்பட்ட விருந்தாளிகள். சுற்றுலாத் தொழிலை மீட்கும் பரீட்சார்த்தத் திட்டம் என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். அவ்விருந்தாளிகள் யால வனத்தில் மிருகங்களைப் பார்த்தார்கள். கட்டுநாயக்கவில் வழமையான பயணிகளுக்கு வாசல் திறந்தது 2021 ஜனவரி 21ஆந் திகதி. அந்த உக்ரேனியரோடு நமக்கு வழக்கில்லை. ஓராண்டு கழிந்து சிறிது காலத்தில் அவர்களுடைய நாடே யுத்தத்தில் எரியத் தொடங்கியது. கேள்வி நம் ஆட்சியாளரைப் பார்த்துத்தான். பிறநாட்டான் டொலரோடு வந்தால் நோய் ஒட்டாது. நம் நாட்டான் டொலர் தீர்ந்து வந்தால் ஒட்டும் என்பது எந்த வைத்திய நூலில் இருக்கிறது?

அதே டிசம்பரில் நடந்த இன்னொன்றையும் இங்கே பதிவு செய்யாமல் போக முடியாது. கொவிட் நோயால் இறந்த எவரது உடலையும் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வெளியிட்டிருந்தார்கள். அடக்கம் செய்வதால் தீங்கில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுச் சந்தையில் தொற்று பரவி ஊர் முடக்கப்பட்டது. மீன் விற்றவனும் மரக்கறி விற்றவனும் வீட்டுக்குள் அடைபட்டார்கள். அந்த நாட்களில் இவ்வூர் வீடுகளில் நிலவிய அச்சம் இருமடங்கானது: நோய் வந்துவிடுமோ என்பது ஒன்று, வந்து மௌத்தானால் ஜனாஸாவை எரித்துவிடுவார்களே என்பது மற்றொன்று. காய்ச்சலை மறைத்தவர்களைக் கடிந்துகொண்ட உத்தியோகத்தர்கள், மறைக்கச் செய்தது யார் என்று கேட்டுக்கொண்டார்களா? கொழும்பில் பிறந்து இருபது நாளான சிசுவின் உடல் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். அப்பொழுதுதான் இலங்கை முஸ்லிம்களின் ஜனாஸாக்களைத் தம் தீவில் அடக்க இடம் தருவது பற்றி மாலைதீவு அரசாங்கம் ஆலோசிக்கிறது என்ற செய்தி வந்தது. இலங்கைச் சனாதிபதியின் வேண்டுகோளின் பேரில் என்றும் அச்செய்தி சொல்லிற்று. உயிரோடு வெளிநாட்டில் இருந்தவனுக்கு உள்ளே வர வழியில்லை. உள்ளே இறந்தவனுக்கு வெளிநாட்டில் குழி. கொள்ளை நோய்க் காலத்து வெளிநாட்டுப் பிரயாணத்தைப் பற்றி எழுதுகிறவர் எவரும் இந்தப் பிரயாணத்தை எழுதியதாக நாம் காணவில்லை.

எரிப்புக் கட்டளை 2021 பெப்ரவரி இறுதியில் நீங்கியது. மார்ச் 5ஆந் திகதி தொடக்கம் நாட்டின் எந்த மூலையில் இறந்தவரையும் ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். தம் ஊர் மையவாடியில் இடமிருந்தும் அக்கரைப்பற்றாருக்கும் அதுவே விதி. 2024 ஜூலையில் மந்திரிசபை மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பைக் குறித்து இங்கே விவாதிக்க இடமில்லை. கட்டளை நீங்கிய வேளையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: இஸ்லாமிய நாட்டுப் பிரதமர் ஒருவர் கொழும்பு வந்து சென்ற, ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்த வாரம் அது. வெளியிலிருந்து நெருக்கடி வந்தால் கட்டளை இளகும் என்பதை இச்சம்பவம் காட்டிற்று. அடுத்து வந்த நெருக்கடி டொலர் நெருக்கடி. அது எதை இளக்கியது என்று பார்ப்போம்.

வெளிநாட்டில் உழைப்போர் 2020இல் இந்நாட்டுக்கு அனுப்பியது 710 கோடி டொலர். நோயும் பசியும் வாட்டிய ஆண்டிலும் முன்னைய ஆண்டைவிடக் கூடுதலாக அனுப்பினார்கள். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! 2021இல் அது 549 கோடியாயிற்று, 2022இல் 379 கோடியாயிற்று. ஆட்சியாளரும் அவர்களுடைய பொருளாதார பண்டிதரும் உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள்: உண்டியலில் பணம் அனுப்பும் தொழிலாளி தேசத் துரோகி! உண்மை என்ன? வெளிச் சந்தையில் டொலர் 240 ரூபாவைத் தாண்டிப் போன பிறகும், மத்திய வங்கி அதை 203 ரூபாவில் கட்டி வைத்திருந்தது. றியாத்தில் குளியலறை கழுவிச் சம்பாதித்த ஒவ்வொரு டொலரிலும் நாற்பது ரூபாவை வங்கியில் இழந்துவிட்டு வா என்று ஓர் ஏழைத் தாயிடம் கேட்பதற்குத் தேசபக்தி என்று பெயர். 2021 டிசம்பரில் டொலருக்கு எட்டு ரூபா மேலதிகம் தருகிறோம் என்றார்கள். மறுத்தார்கள் மக்கள். 2022 ஏப்ரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் கைவிரித்தது.

அதன் பின்னர்தான் கதவுகள் படபடவென்று திறந்தன.

ஒரு கதவின் கதையை விரிவாகச் சொல்ல வேண்டும். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் என்ற ஏழைப் பெண் பதினேழு வயதில், இருபத்து மூன்று என்று எழுதிய கடவுச்சீட்டோடு 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்டாள். சமையலும் துப்புரவும் செய்ய வந்தவளின் கையில் கைக்குழந்தையைக் கொடுத்தார்கள். குழந்தை இறந்தது, கொலை என்றார்கள், 2013 ஜனவரி 9ஆந் திகதி அவள் தலை வெட்டப்பட்டது. நாடு அழுதது. அழுத நாட்டின் ஆட்சி அவ்வாண்டே ஒரு சுற்றுநிருபம் கொண்டுவந்தது: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிக்கு வெளிநாடு செல்லலாகாது, குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும். வயதைத் திரித்த முகவர்களின் ஆட்சிக்கு முடிவு கட்ட வேண்டிய இடத்தில், தாய்மார்களுக்குத் தாய்மையைப் போதித்தார்கள். பிள்ளையைப் பிரிந்து போகும் தகப்பனிடம் எந்தப் பின்னணி அறிக்கையும் கேட்கப்படவில்லை. ஐந்து வயது வரை தாயின் அணைப்பு பிள்ளைக்கு இன்றியமையாதது என்று மந்திரிகள் மேடையேறிப் பேசினார்கள், மனோதத்துவம் பேசினார்கள், சமயமும் பேசினார்கள். நம்மூர்ப் பெரியவர்களும் தலையாட்டினார்கள்.

2022 நடுப்பகுதியில், பெற்றோலுக்கும் சமையல் வாயுவுக்கும் மக்கள் வரிசையில் செத்துக்கொண்டிருந்த வேளையில், மந்திரிசபை கூடி அந்த ஐந்து வயதை இரண்டாகக் குறைத்தது. ஒன்பது ஆண்டில் குழந்தை வளர்ப்பைப் பற்றி என்ன புதிய ஞானம் பிறந்தது? இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தாய் தேவையில்லை என்று எந்த வைத்திய சபை சொல்லிற்று? ஒன்றுமில்லை. குழந்தை அதே குழந்தைதான். திறைசேரியில் டொலர் இல்லை, அவ்வளவுதான் காரணம். ஒழுக்கம், பண்பாடு, தாய்மை என்று இவர்கள் ஓதியதெல்லாம் அந்நியச் செலாவணி கையிருப்பு உள்ள வரைக்கும் ஓதிய மந்திரங்கள்! தடை இருந்தபோதும் அந்தத் தாயிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை, தளர்த்தியபோதும் கேட்கவில்லை. மந்திரிசபை தீர்மானித்தது, பஸ் வந்தது.

அதே 2022 ஜூலையில், கடவுச்சீட்டு பெறுவதற்காக பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் வாசலில் இரண்டு நாளாக வரிசையில் நின்ற கர்ப்பிணி ஒருத்தி அங்கேயே பிரசவித்தாள். இதைவிடக் கூர்மையாக ஒரு கதாசிரியன் கற்பனை செய்திருந்தால் மிகைப்படுத்திவிட்டான் என்று நாமே விமர்சனம் எழுதியிருப்போம்.

இனி, "யாரும் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை, விரும்பித்தானே போகிறார்கள்?" என்று கேட்கும் கனவான்களுக்கு வருவோம். முகவர் நிலையங்களின் முதலாளிகள் இதைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது இயல்பு. படித்தவர் சிலரும் கேட்கிறார்கள், அதுதான் வியப்பு. விருப்பம் என்பது இரண்டு வழி இருக்கும்போது ஒன்றைத் தேர்வது. இக்கரையில் மற்ற வழிகள் எப்படி அடைபட்டன?

அம்பாறை மாவட்டம் நெல்லுக்குப் பேர் போனது. அக்கரைப்பற்றின் வட்டைகளில் போடியார் காலத்திலிருந்தே வேளாண்மைதான் ஊரின் உயிர். 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஓர் இரவில் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள். ஆனால் பெரும்போகம் அதற்குள் விதைத்தாயிற்று. பயிர் மஞ்சளடித்து நின்றது. விதைநெல்லுக்கும் உழவுக்கும் வட்டிக்கு வாங்கியவன் என்ன செய்வான்? கடலுக்குப் போகிறவன் கதை வேறு விதம்: 2013இல் கொடி கட்டித் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் மூடியது, அயல் கரையைக் கடல் தின்றது. தோணி இழுத்து வைக்கும் கரை போன மீனவன் கட்டாருக்குப் போனால் அதை விருப்பம் என்று சொல்லுவதா?

எல்லாவற்றுக்கும் மேலாக வீடு. இதை வெளியூர் வாசகருக்கு விளக்க வேண்டும். மட்டக்களப்பு தொடக்கம் பொத்துவில் வரையுள்ள இக்கரையில், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், வீடு பெண்ணுக்கு உரியது. மகள் கலியாணம் முடிக்கையில் பெற்றோர் வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969 தொடக்கம் இவ்வூரில் தங்கி ஆராய்ந்து இந்த வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். பெண்ணுக்குக் கையில் சொத்து இருப்பது நல்ல வழக்கம் என்று புகழ்பவர் உண்டு. உண்மைதான், புகுந்த வீட்டில் நாதியற்று நிற்கும் பெண்களைவிட இவர்கள் நிலை மேல். ஆனால் காணி அருகி, கல்லும் சீமெந்தும் ஏறி, மாப்பிள்ளைமார் ஓட்டு வீட்டை மறுத்து மாடி வீட்டைக் கேட்கத் தொடங்கியபின் இந்த வழக்கத்தின் கூலியை யார் கட்டுகிறார்கள்? மூன்று மகள்மாரைப் பெற்ற தாய் கட்டுகிறாள். முதலாம் வீட்டுக்கு றியாத்தில் நான்கு வருடம், இரண்டாம் வீட்டுக்கு குவைத்தில் ஐந்து வருடம். மூன்றாவது வீட்டின் அத்திவாரம் போட்டு நிற்கையில் கொள்ளை நோய் வந்தது, கம்பி துருவேறியது. கதவு திறந்ததும் ஐம்பதை நெருங்கிய வயதில் மறுபடி ஓடுகிறாள். 1977க்குப் பின் சந்தை திறந்ததிலிருந்தே இந்த ஓட்டம் நடக்கிறது. அதைப் பதிந்து வைக்க 1985இல் ஒரு பணியகமும் அமைத்தார்கள்.

பெண் தனியே கடல் கடப்பது மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று பேசும் பெரியவர்களைப் பார்த்து ஒன்று கேட்கிறோம். ஐயா, உங்கள் மகனுக்கு வீடு கேட்டுப் பேசினீர்களே, அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் எங்கிருந்து வந்தது என்று பெண்ணின் உம்மாவிடம் விசாரித்தீர்களா? மாப்பிள்ளை பெண்ணுக்கு மஹர் கொடுப்பதுதான் மார்க்கம். வீடு வாங்குவது அன்று. இதை எடுத்துச் சொல்ல நமக்கு ஆலிம் பட்டம் வேண்டியதில்லை.

வீட்டைப் பற்றிப் பேசும்போது நுரைச்சோலையை மறக்க முடியுமா? 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிரைக் குடித்தது. வீடிழந்தோருக்கென்று சவூதி அரேபிய உதவியில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. பாடசாலை, வைத்தியசாலை, சந்தைக் கட்டடங்களுடன். எந்த இனத்தாருக்கு எத்தனை வீடு என்ற தகராறு நீதிமன்றம் ஏறியது. கட்டி முடிந்து பத்தாண்டுக்கு மேலாகியும் ஒரு குடும்பம் குடியேறவில்லை. கூரையில் செடி முளைத்தது. கதவும் சன்னலும் களவு போயின. சவூதிப் பணத்தில் கட்டிய வீடு ஊருக்கு வெளியே பாழாய்க் கிடக்க, சவூதியில் உழைத்து ஒரு வீடு கட்ட ஊரின் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள்! இந்த ஐந்நூறு வீடும் அந்தந்தக் காலத்தில் கொடுபட்டிருந்தால் எத்தனை தாய்மார் மணிக்கூட்டுச் சந்தியில் பிள்ளையைக் கைமாற்றியிருக்க மாட்டார்கள் என்று கணக்குப் பாருங்கள். வழக்குத் தொடுத்த பேரினவாதியும், வாக்குக்காக அதை வளர்த்த நம் அரசியல்வாதியும் இந்தக் கணக்கில் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னால், "அப்படியானால் பெண்கள் போவதைத் தடுக்க வேண்டும் என்கிறீர்களா?" என்று நம் அணியிலேயே சிலர் கேட்கக்கூடும். இல்லை. தடை ஏழையை ஊரில் நிறுத்தாது. பின்வாசல் வழியாக அனுப்பும். பின்வாசல் எங்கே போய் முடியும் என்பதை 2022 நவம்பரில் ஓமான் காட்டியது. வேலை விசா இன்றிச் சுற்றுலா விசாவில் கொண்டுபோகப்பட்ட நம் நாட்டுப் பெண்கள் அங்கே விலை பேசப்பட்ட செய்தி வெளிவந்தது. மஸ்கட்டிலிருந்த இலங்கைத் தூதரகத்து உத்தியோகத்தர் ஒருவரே கைதானார். சுற்றுலா விசா! பிரயாணத்தின் இன்பத்தைப் பாடுகிற ஏட்டாளர்கள் இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனிக்கட்டும். போக விரும்புகிறவள் நேர்வாசலால், நேரான ஒப்பந்தத்தோடு, தன் கடவுச்சீட்டைத் தன் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். அங்கே அடிபட்டால் தமிழில் முறையிட ஓர் உத்தியோகத்தர் தூதரகத்தில் இருக்க வேண்டும். முறையிட்டவளை மறுபடி அதே எசமான் வீட்டுக்கு அனுப்பிவைக்கும் சமரசத்துக்குத் தண்டனை வேண்டும்.

தயவு கேட்கவில்லை, இது கடன். சர்வதேச நாணய நிதியம் 2023இல் இந்நாட்டுக்கு இசைந்த கடன் ஏறத்தாழ 300 கோடி டொலர். அதுவும் நான்கு ஆண்டில், தவணை தவணையாக, ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நிபந்தனையோடு. அதற்கு எத்தனை தோரணம், எத்தனை வெடி! அதே 2023இல் வெளிநாட்டில் உழைத்தவர்கள் அனுப்பியது 597 கோடி டொலர். ஒரே ஆண்டில், வட்டியின்றி, நிபந்தனையின்றி, நிதியம் நான்காண்டில் தருவதைப் போல் இருமடங்கு. நிதியத்தின் தூதுக்குழு வந்தால் மந்திரிகள் வாசலில் நிற்கிறார்கள். பணிப்பெண் விடுமுறையில் வந்தால் சுங்கப் பகுதியில் அவளுடைய பெட்டியைக் கிளறுகிறார்கள். அவளுக்கு என்ன மரியாதை செய்தார்கள்? கூடுதலாகப் பணம் அனுப்பினால் மின்சாரக் கார் இறக்குமதி செய்ய அனுமதி தருவோம் என்றார்கள். குளியலறை கழுவுகிறவளுக்குக் காரா! அந்த அனுமதி யாருடைய கைக்குப் போகும் என்பது எழுதாமலே விளங்கும். 2024இல் நாடு புதிய சனாதிபதியையும் புதிய பாராளுமன்றத்தையும் தெரிவு செய்தபோது, நாட்டைத் தாங்கிய இவர்கள் இருந்த இடத்திலிருந்து வாக்களிக்க வழியில்லை. பணம் கடல் கடந்து வரலாம், வாக்கு வரலாகாதாம்.

கடைசியாக, ஆசிரிய நண்பர்களோடு சிறிது பேச வேண்டியிருக்கிறது. 2022 ஜூனில் வெளியான பொது நிருவாகச் சுற்றுநிருபத்தை நீங்கள் அறிவீர்கள். அரசாங்க ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமில்லாத விடுமுறை பெற்று வெளிநாடு போகலாம். மூப்பும் ஓய்வூதியமும் கெடாது என்றது அது. சம்பளம் கொடுக்க இயலாத ஆட்சி கண்டுபிடித்த சிக்கனம். போன நண்பரை நாம் குறை சொல்லவில்லை. விலை மூன்று மடங்கான நாட்டில் அதே சம்பளத்தில் பிள்ளை குட்டியைக் காப்பது எப்படி? ஆனால் அவர் விட்டுச் சென்ற கணித வகுப்பு காலியாக இருக்கிறது. அந்த வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் தாயும் போய்விட்டாள். வீட்டில் உம்மா இல்லை; பள்ளியில் ஆசிரியர் இல்லை. அனுப்பப்பட்ட டொலர் தனியார் வகுப்புக்குப் போகிறது. அந்த வகுப்புக்கும் காசில்லாத பிள்ளை பதினாறு வயதில் முகவரைத் தேடிப் போகிறது. மணிக்கூட்டுச் சந்தியின் அடுத்த வரிசை நம் வகுப்பறையிலேதான் தயாராகிறது.

மாணவர் விபரப் படிவத்தில் தாயின் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் "வெளிநாடு" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவது வழக்கமாகிவிட்டது. வெளிநாடு ஒரு தொழிலன்று. எந்த நாடு, என்ன வேலை, எந்த ஆண்டு போனார், பணியகத்தில் பதிந்து போனாரா, பதியாமல் போனாரா, பிள்ளை இப்போது யாரிடம், ஐந்து வயதுக்கு முன் பிரிந்ததா, பின்பா என்று ஒவ்வொரு வகுப்பாசிரியரும் பிள்ளைகளின் மனம் நோகாமல் கேட்டுக் குறித்துக்கொள்ள முடியும். பெயர் வேண்டாம், எண் போதும். அக்கரைப்பற்றிலும் ஆலையடிவேம்பிலும் உள்ள பாடசாலைகளில் ஒரு தவணைக்குள் இதைச் செய்து முடிக்கலாம். அந்தத் தொகையை வலயக் கல்வி அலுவலகத்தில் ஒரு பிரதி, இரு பிரதேச செயலகங்களிலும் ஒவ்வொரு பிரதி, நுரைச்சோலைக் கோவை எந்த மேசையில் இருக்கிறதோ அந்த மேசையில் ஒரு பிரதி என்று கொண்டுபோய் வைப்போம்.